உறங்கும் நேரத்துப் படப்புத்தகம்: படத்தைப் பார்த்ததும் குழந்தைக்குத் தூக்கம் கலைந்துவிடுகிறது, என்ன செய்யலாம்?

ஈரோட்டு அம்மா கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு மூன்றரை வயது நடக்கிறது. இனி இரவில் கைபேசியைக் காட்டித் தூங்க வைப்பதில்லை என்று முடிவெடுத்து, இரண்டு வாரங்களுக்கு முன் ‘குட்நைட் மூன்’ என்ற ஆங்கிலப் படப்புத்தகத்தை வாங்கினேன். மார்கரெட் வைஸ் பிரவுன் எழுதி, கிளெமென்ட் ஹர்ட் படம் வரைந்து, 1947-இல் அமெரிக்காவில் வெளிவந்த நூல் அது. பச்சைச் சுவர்கள் கொண்ட பெரிய அறையில் ஒரு முயல்குட்டி கட்டிலில் படுத்திருக்கிறது. சீப்பு, பிரஷ், கஞ்சிக் கிண்ணம், பூனைக்குட்டிகள், பொம்மை வீடு என்று அறையில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ‘குட்நைட்’ சொல்லிக்கொண்டே போவதுதான் மொத்தக் கதையும். படங்கள் அத்தனை அழகு. எனக்குச் சிக்கலும் அந்த அழகிலிருந்தே தொடங்குகிறது.

எட்டரை மணிக்கு விளக்கைக் குறைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால், கண் சொக்கிப் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். “எலி எங்க? பலூன் எங்க?” என்று தேடத் தொடங்கிவிட்டால் பக்கத்தைத் திருப்ப விடுவதில்லை. காயப்போட்டிருக்கும் குட்டிக் கையுறைகளைக் காட்டி, “இது யாரோட கை?” என்று கேட்கிறாள், நான் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் இன்னும் நான்கு கேள்விகள் வந்துவிடுகின்றன. தூங்கும்போது ஒன்பதே முக்கால் ஆகிவிடுகிறது. “கதை சொன்னால் பிள்ளை தூங்கும், படம் காட்டினால் எப்படித் தூங்கும்?” என்கிறார் என் மாமியார். அவர் சொல்வது சரிதானோ என்று எனக்கும் தோன்றத் தொடங்கிவிட்டது.

இன்னொரு தடுமாற்றம் மொழியைப் பற்றியது. எங்கள் வீட்டில் தமிழில்தான் பேசுகிறோம். புத்தகத்தையும் தமிழில் சொல்லவே விரும்புகிறேன். ஆனால் ‘இனிய இரவு, சீப்பே’, ‘நல்லிரவு, நிலாவே’ என்று சொல்லிப் பார்த்தால் என் காதுக்கே மேடைப் பேச்சு போல ஒலிக்கிறது. “ஏம்மா அப்படிப் பேசுற?” என்று மகளே கேட்டுவிட்டாள்.

கடைசியாக ஒரு சிறு ஐயம். என் பிரதியில் இறுதிப் பக்கங்கள் ஒரே கரும்பச்சையாக இருக்கின்றன. எலி இருக்க வேண்டிய இடமே தெரியவில்லை. புத்தகமே அப்படித்தானா, அல்லது அச்சில் ஏதேனும் கோளாறா?

—

சிறார் பிரிவு நூலகர் (ஓய்வு), திருச்சி:

சகோதரி, உங்கள் மகள் செய்வது தவறான வாசிப்பு அன்று, நல்ல வாசிப்பு. அது நடக்கும் வேளைதான் பொருத்தமில்லாமல் இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நூலகத் தரையில் பாய் விரித்துக் குழந்தைகளோடு படப்புத்தகம் பார்த்தவள் என்ற முறையில், இதை உறுதியாகச் சொல்கிறேன். நிறைய பொருள்கள் உள்ள ஒரு படத்தை முதல்முறை காணும் குழந்தை தேடும், கேட்கும், சுட்டிக்காட்டும், சண்டையும் போடும். அந்தப் பசி அடங்காத வரை எந்தப் புத்தகமும் அதைத் தூங்க வைக்காது.

ஆகவே, அதே புத்தகத்தைப் பகலில் கொடுங்கள். சாப்பாட்டுக்கு முன்போ, மாலையில் விளையாடிவிட்டு வந்த பிறகோ, வெளிச்சத்தில் தரையில் வைத்து அவள் விருப்பம்போல் பார்க்கட்டும். கையுறை யாருடையது, பலூன் ஏன் சில பக்கங்களில் இல்லை, முயலுக்கு எதற்குத் தொலைபேசி என்ற கேள்விகளெல்லாம் அங்கே வந்து தீரட்டும். குழந்தையிடம் கேள்வி கேட்டு, அதன் விடையை நீட்டி, மீண்டும் கேட்டுப் படிக்கும் முறையை ஒயிட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1988-இல் ஆய்ந்து எழுதினார்கள். குழந்தையின் பேச்சு வளர அது பெரிதும் உதவுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது குழந்தையை விழிப்பூட்டும் முறை. இரவில் நீங்கள் ஒரு கேள்விகூடக் கேட்கக் கூடாது. “இது என்ன?” என்று நாம் ஒருமுறை கேட்டுவிட்டால், அடுத்த பத்து நிமிடங்களுக்கு அவள் நம்மைக் கேட்பாள்.

பத்து நாள் பகலில் பார்த்துவிட்டால், இரவில் அந்தப் படத்தில் அவளுக்குப் புதிதாக எதுவும் இருக்காது. எல்லாம் நேற்று இருந்த இடத்திலேயே இருக்கிறது என்ற அமைதி மட்டுமே மிஞ்சும். பெரியவர்கள் நாம் ஒரே புத்தகத்தை நூறாவது முறை படிக்கும்போது சலித்துப்போகிறோம். குழந்தைக்கோ அந்த நூறாவது முறைதான் தலையணை.

மற்றொன்றையும் கவனியுங்கள். அந்தப் புத்தகத்தின் முதல் படத்தில் கடிகாரம் ஏழு மணியைக் காட்டும். இறுதிப் படத்தில் எட்டு மணி பத்து நிமிடம். முயல்குட்டிக்கே தூங்க ஒரு மணி பத்து நிமிடம் ஆகிறது. கட்டிலில் அது எழுந்து உட்காருவதும் புரளுவதும் படங்களில் தெரியும். ‘தூங்கு, தூங்கு’ என்று அதை யாரும் அதட்டுவதில்லை. நாற்காலியில் பின்னிக்கொண்டிருக்கும் மூதாட்டி முயல் மெதுவாக ‘உஷ்’ என்கிறது, அவ்வளவுதான். புத்தகத்தைப் படித்து முடித்தவுடன் பிள்ளை தூங்கிவிட வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதும் ஓர் அவசரமே.

தொழில்முறை நினைவு ஒன்று. இந்த நூல் வெளிவந்தபோது நியூயார்க் பொது நூலகம் இதை வாங்கவில்லை. அங்கே சிறார் நூல்களுக்கு நெடுங்காலம் பொறுப்பாயிருந்த ஆன் கரோல் மூருக்கு இது பிடிக்கவில்லை. அவர் ஓய்வு பெற்ற பின்னும் அவருடைய சொல்லுக்கு அங்கே மதிப்பு இருந்தது. 1972 வரை அந்த நூலகத்தின் அடுக்கில் இந்தப் புத்தகம் ஏறவில்லை. எழுதிய பிரவுனோ 1952-இல், தம் 42-ஆம் வயதில் இறந்துவிட்டார். தேர்ந்த நூலகர் ஒருவருக்குப் பிடிக்காமல் போன அதே புத்தகத்தைக் குழந்தைகள் விடாமல் கேட்டு வாங்கினார்கள். நூல்களைத் தேர்ந்தெடுக்கும் பணியில் இருந்த காலமெல்லாம் இந்தச் செய்தி என்னை எச்சரித்துக்கொண்டே இருந்தது.

தமிழிலேயே வேண்டுமென்றால், சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழிலும் இருமொழியிலும் படப்புத்தகங்கள் வெளியிடுகிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகப் படிக்கலாம், அச்சிட்டும் கொள்ளலாம். திரையில் காட்டாமல் அச்சிட்டு, நடுவில் தைத்து, கையில் கொடுங்கள்.

—

கோடும் வண்ணமும் (படம் வரைபவர்):

முதலில் உங்கள் கடைசி ஐயத்துக்கு விடை சொல்லிவிடுகிறேன். உங்கள் பிரதி பெரும்பாலும் யாரோ ஒருவர் நல்ல பிரதியைப் படியெடுத்து மலிவாக அச்சிட்டதாகத்தான் இருக்கும். அந்த நூலின் படங்களில் அறை பக்கத்துக்குப் பக்கம் இருண்டுகொண்டே வருவது உண்மை. ஆனால் இருட்டுக்குள்ளும் பொருள்கள் தெரிய வேண்டும். அறையைக் காட்டும் வண்ணப் படம் ஒவ்வொன்றிலும் எலி இருக்கிறது, இறுதிப் படத்திலும் இருக்கிறது. அது உங்கள் பிரதியில் தெரியவில்லை என்றால் குறை அச்சில்தான். இருண்ட வண்ணங்களைப் படியெடுத்து மீண்டும் அச்சிடும்போது, நெருங்கிய இரு நிறங்களுக்கு இடையிலுள்ள வேறுபாடு முதலில் அழிந்துபோகும். அடர்பச்சை, அடர்நீலம், கருமை மூன்றும் ஒரே சேறாகிவிடும். நானே ஒரு நடைபாதைக் கடையில் ஆசையோடு ஒரு படப்புத்தகத்தை வாங்கி வந்து, இரவுக் காட்சி முழுவதும் கரி பூசியதுபோல் இருக்கக் கண்டு மனம் நொந்திருக்கிறேன். விலை கூடினாலும் நல்ல பிரதியை வாங்குங்கள். இந்தப் புத்தகத்தில் உறக்கம் வருவதே அந்த இருட்டு நிதானமாக இறங்கும் விதத்தில்தான்.

அதை எப்படிச் செய்திருக்கிறார் ஹர்ட் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதல் படத்தில் சிவப்புத் தரை, பச்சைச் சுவர், மஞ்சளும் பச்சையும் கோடிட்ட திரைச்சீலை என எல்லாம் உரத்த நிறங்கள். பாரிஸில் பிரெஞ்சு ஓவியர் ஃபெர்னான் லெஜேயிடம் ஓவியம் பயின்றவர் ஹர்ட். அந்தத் தட்டையான, கூச்சமில்லாத நிறங்களைப் பார்த்தால் அது தெரியும். பிள்ளையைத் தூங்க வைக்கும் புத்தகத்துக்கு வெளிறிய நீலமும் ஊதாவும்தானே வேண்டும் என்று நாம் நினைப்போம். அவர் அப்படிச் செய்யவில்லை. விழித்திருக்கும் குழந்தையின் கண்ணுக்கு நிகரான வெளிச்சத்தில் தொடங்கி, அதை அந்தக் கண் அறியாமலே சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு போகிறார். சன்னலில் நிலா மேலே ஏறுகிறது. அது ஏற ஏற அறை மங்குகிறது. இறுதியிலும் பொம்மை வீட்டின் சன்னல்களில் வெளிச்சம் மிஞ்சுகிறது. வண்ணப் படங்களுக்கு நடுவே கறுப்பு வெள்ளைப் பக்கங்கள் வருவதைக் கவனித்திருப்பீர்கள். முழுவதையும் வண்ணத்தில் அச்சிடுவது செலவு மிக்கதாயிருந்த அந்தக் காலத்தில் வண்ணமும் கறுப்பு வெள்ளையும் மாறி மாறி வருவது வழக்கமான ஏற்பாடுதான். ஆனால் இந்தப் புத்தகத்தில் அந்தச் சிக்கனமே மூச்சாகிவிட்டது. பெரிய அறை, பிறகு ஒரு சிறு பொருள், மீண்டும் அறை. கண் விரிகிறது, சுருங்குகிறது.

நூலகர் அம்மையார் சொன்னவற்றில் ஓரிடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். எலியைத் தேடுவதை இரவிலும் தடுக்க வேண்டாம். படம் முழுவதிலும் அலைகிற கண்ணை ஒரே ஒரு சிறு பொருளின் மேல் நிற்க வைப்பதற்காகத்தான் ஓவியர் அதை வைத்திருக்கிறார். பலூன், பூனை, கையுறை என்று பத்தைத் தேடினால் விழிப்பு வரும். தெரிந்த ஒன்றை மட்டும் தேடிக் கண்டால் குழந்தைக்கு நிறைவு வரும். “எலியைப் பார்த்தாச்சா? சரி” என்று பக்கத்தைத் திருப்பிவிடுங்கள்.

எல்லா அழகிய படப்புத்தகமும் தூக்கத்துக்கானது அன்று என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். சென்னையின் தாரா பதிப்பகம் 2006-இல் வெளியிட்ட ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ நூலில், நடு இந்தியாவின் கோண்டுப் பழங்குடி ஓவியர்கள் மூவர் வரைந்த மரங்கள் கையால் செய்த கருப்புத் தாளில் திரை அச்சாக (ஸ்கிரீன் பிரிண்டிங்) ஒளிர்கின்றன. இரவைப் பற்றிய நூல்தான். ஆனால் அதைத் திறந்தால் எனக்கே தூக்கம் போய்விடும். அதைச் சற்றுப் பெரிய பிள்ளைகளோடு பகலில், மெதுவாக, விரல் வைக்காமல் பார்க்க வேண்டும்.

—

குழந்தை மருத்துவர்:

சுருக்கமாக இரண்டு செய்திகள். மூன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை. ஆகவே மதியம் நான்கு மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழும் பிள்ளை இரவு ஒன்பதே முக்கால் வரை விழித்திருந்தால் அதற்குப் புத்தகத்தைக் குறை சொல்ல முடியாது. முதலில் மதியத் தூக்கத்தை முன்னே நகர்த்திப் பாருங்கள். அடுத்தது வெளிச்சம். வெண்ணிற எல்இடி குழல்விளக்கின் கீழ் படிக்காமல், மஞ்சள் ஒளி தரும் சிறிய விளக்கைப் படுக்கைக்குப் பின்னால் வைத்துப் படியுங்கள். உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பு பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளுக்கு வெளிச்சத்தால் எளிதில் தடைபடும்.

—

பேத்திக்குக் கதை சொல்பவள், நாகர்கோவில்:

மகளே, உன் மாமியாரைக் கோபித்துக்கொள்ளாதே. அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. எங்கள் காலத்தில் இருட்டில்தான் கதை கேட்டோம். ஆனால் நான் என் பேத்திக்குப் படம் காட்டியும் தூங்க வைத்திருக்கிறேன் என்பதால், மொழியைப் பற்றி மட்டும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தூங்கப் போகும்போது ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொள்ளும் வழக்கம் நமக்கு இருந்ததில்லை. அதனால்தான் ‘இனிய இரவு’ என்ற சொல் உன் வாயில் ஒட்டவில்லை. நம் வீட்டில் தாய் என்ன சொல்லிப் பிள்ளையைத் தூங்க வைப்பாள்? “காக்கா தூங்கிருச்சு, கோழி தூங்கிருச்சு, பக்கத்து வீட்டு அக்கா தூங்கிட்டா, நீயும் தூங்கு” என்பாள். இது ஒரு வரிசைதானே? தாலாட்டிலும், மாமன் அடித்தானா, அத்தை அடித்தாளா என்று உறவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போவோம். ஆங்கிலக்காரர் பொருள்களை வரிசையாகச் சொல்கிறார், நாம் உறவுகளைச் சொல்கிறோம். பிள்ளை தூங்குவதென்னவோ அந்த வரிசையில்தான். ஆகவே புத்தகத்தை அப்படியே மாற்றிச் சொல். “பூனைக்குட்டி தூங்கிருச்சு. சீப்பு தூங்கிருச்சு. கஞ்சிக் கிண்ணமும் தூங்கிருச்சு.” கஞ்சி என்று நீயே எழுதியிருக்கிறாய், அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

நிலாவிடம் மட்டும் கவனமாக இரு. நிலா தூங்கிவிட்டது என்று சொன்னால், சன்னலில் அது பளிச்சென்று நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை ஒத்துக்கொள்ளாது. என் பேத்தி ஒத்துக்கொள்ளவில்லை. நாம் நிலாவை எப்போதும் வா என்றுதான் கூப்பிட்டிருக்கிறோம். பெரியாழ்வார் யசோதையாக நின்று, குட்டிக் கண்ணனோடு விளையாட வரும்படி நிலாவை அழைக்கிறார். பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்று ஒரு பருவமே இருக்கிறது; சாமம், தானம், பேதம், தண்டம் என்று, அதாவது நயமாகப் பேசி, தருவதாகச் சொல்லி, வேற்றுமை காட்டி, மிரட்டி என நான்கு வழியாலும் புலவர்கள் நிலாவை வரவழைக்கப் பார்க்கிறார்கள். வா என்று கூப்பிட்ட நிலாவை ‘போ’ என்று அனுப்பலாமா? “நிலா, நாளைக்கு வா” என்று சொல்லிப் பார். வீட்டை விட்டுக் கிளம்பும்போது ‘போய் வருகிறேன்’ என்று சொல்பவர்கள் நாம்.

கடைசியில் விண்மீன், காற்று, எங்கும் உள்ள சத்தங்கள் என்று வருமல்லவா, அங்கே குரலை இறக்கி, “ஊரடங்கிருச்சு” என்று மட்டும் சொல். அதற்குமேல் அங்கே எதுவும் தேவையில்லை.

—

தமிழாசிரியர், தஞ்சை:

அம்மையார் சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். ஒரு சிறு வேண்டுகோள் மட்டும் உண்டு. முழுவதையும் பேச்சுத் தமிழிலேயே முடித்துவிடாமல், ‘கண்ணுறங்கு’ என்ற ஒரு சொல்லையாவது அடிக்கடி வைத்துக்கொள்ளுங்கள். பகல் பேச்சில் யாரும் ‘உறங்கு’ என்று சொல்லாத வீடுகளிலும், தாலாட்டு வழியாக அந்தச் சொல் தாயின் வாயில் தங்கியிருக்கிறது. எழுத்துத் தமிழின் ஓசை குழந்தைக்கு முதலில் அன்பான குரலில் கேட்டுப் பழக்கமானால், பின்னர் பாடநூலில் அதைக் காணும்போது அது அயலாகத் தோன்றாது. வகுப்பில் ஆண்டுதோறும் அந்த அயல்தன்மையோடு போராடுபவன் என்பதால் சொல்கிறேன்.

—

ஈரோட்டு அம்மா:

அனைவருக்கும் மனம் நிறைந்த நன்றி. எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்றுதான் ஒன்பது நாள் காத்திருந்தேன்.

மதியத் தூக்கத்தை இரண்டு மணிக்கு மாற்றினோம். முதல் ஐந்து நாள் மாலை நேரத்தில் கூடத்துத் தரையில் புத்தகத்தை விரித்து, அவள் கேட்டதற்கெல்லாம் விடை சொன்னேன். கையுறை விவகாரம் மட்டும் இரண்டு நாள் ஓடியது. குளிர் நாட்டில் கைக்கும் சட்டை போடுவார்கள் என்று சொன்ன பிறகு, தன் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு வீடு முழுவதும் நடந்தாள். ஆறாம் நாள் இரவில், படுக்கைக்குப் பின்னால் மஞ்சள் விளக்கை வைத்து, ஒரு கேள்வியும் கேட்காமல் படித்தேன். எலியைத் தொட்டுக் காட்டிவிட்டு அவளே “திருப்பு” என்றாள்.

அம்மா, நீங்கள் சொன்னபடி ‘தூங்கிருச்சு’ என்று சொன்னதும் என் குரலே மாறிவிட்டது. இரண்டாம் நாளே அவள் எனக்கு முன்னால் சொல்லத் தொடங்கிவிட்டாள். புத்தகத்தில் இல்லாத எங்கள் வீட்டு மிக்ஸியும் சைக்கிளும் வரிசையில் சேர்ந்துவிட்டன. ‘கண்ணுறங்கு’ என்பதை நான் விளக்கில் கை வைக்கும்போது சொல்கிறேன். என் மாமியார் கதவருகே நின்று கேட்டுவிட்டு, ‘ஊரடங்கிருச்சு’ என்ற இடத்தில் தாமும் சேர்ந்து சொன்னார்.

நல்ல பிரதியும் வந்துவிட்டது. இறுதிப் படத்தில் எலி சன்னல் அருகே இருந்து நிலாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பழைய பிரதியில் அந்த இடத்தில் வெறும் மைதான் இருந்தது. புத்தகத்தில் ஒன்றும் வரையாமல் வெறுமையாக விட்ட ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே என்ன சொல்வதென்று எனக்குத் தெரியாமல் நேற்று நிறுத்தினேன். அவள் அதன்மேல் உள்ளங்கையை வைத்து, “இங்க யாரும் இல்ல” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்போது மணி எட்டு ஐம்பது.